கோள்களும் விண்வெளியும் டிவியில்: மலையகத்து வீட்டிலிருந்து பார்க்கத் தொடங்குவோருக்கு

சீரியல் முடிந்து செய்தி தொடங்குவதற்குள் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனால், கறுப்புப் பின்னணியில் வளையத்தோடு சனிக்கோள் ஒரு கணம் வந்து போகும். கனத்த குரலில் யாரோ கோடிக்கணக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். சேனல் மாறிவிடும். நம் பக்கத்து வீடுகளில் விண்வெளி ஆவணப்படத்துக்குக் கிடைக்கிற நேரம் பெரும்பாலும் அவ்வளவுதான். பார்க்கப் பழகவில்லை, வேறு காரணம் இல்லை. கிரிக்கெட் தெரியாதவருக்கு டெஸ்ட் மேட்ச் போட்டுக் காட்டினாலும் இதே கதைதான் நடக்கும்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு எஸ் எடுத்தவரும் இந்தப் படங்களை நன்றாக ரசிக்கலாம். கணக்கு வேண்டாம், சூத்திரம் வேண்டாம். ஒரே ஒரு பழக்கம் வேண்டும். அது மூன்றாவது படியில் வருகிறது. அவசரப்படுகிறவர்கள் நேரே அங்கே போகலாம்.

1. டிஷ், பொக்ஸ், மொழி

டயலொக் டிவியோ பியோ டிவியோ, வீட்டில் எது இருந்தாலும் உங்கள் பெக்கேஜில் டிஸ்கவரி, நேஷனல் ஜியோகிராஃபிக் போன்ற சேனல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் சேனல்களின் இந்திய ஒளிபரப்பில் ஒரே படத்துக்கு இரண்டு மூன்று மொழிக் குரல்கள் இருக்கும். ரிமோட்டில் ‘ஓடியோ’ அல்லது ‘லேங்வேஜ்’ என்று உள்ள பட்டனை அமுக்கித் தமிழ் வருகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் ஆங்கிலத்திலேயே ஓடிக்கொண்டிருந்த சேனல் ஒரு பட்டனில் தமிழ் பேசத் தொடங்கும் வீடுகள் உண்டு.

தமிழ்க் குரலில் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. டப்பிங்கில் எண்கள் சில நேரம் வழுக்கிவிடும். மில்லியன் என்றால் பத்து இலட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், ‘சூரியன் பூமியில் இருந்து 15 இலட்சம் கிலோமீட்டர்’ என்று யாராவது சொல்லும்போது காது நிமிரும். 15 கோடி என்பதே சரி.

டிவி இல்லாதவர்களுக்கும், டிவி மற்றவர்கள் கையில் இருக்கும் வீடுகளுக்கும் போன் போதும். நாசா 2023 நவம்பரில் தொடங்கிய ‘நாசா பிளஸ்’ தளம் முழுக்க இலவசம், சந்தா கிடையாது. இஸ்ரோவின் யூடியூப் சேனலிலும் ஏவுதல்களை நேரலையில் பார்க்கலாம். டேட்டாதான் பிரச்சினை. ஒரு மணிநேரப் படத்தை நல்ல தரத்தில் பார்த்தால் ரீலோட் போட்ட காசு கண்முன்னே கரையும். இரவு நேர டேட்டா தனியாகத் தரும் பெக்கேஜ் இருந்தால் அந்த நேரத்தில் டவுன்லோட் செய்து வைத்து, மறுநாள் பாருங்கள். தரத்தைக் குறைத்துப் பார்ப்பது இந்த வகைப் படத்துக்கு மட்டும் ஒத்துவராது. நட்சத்திரங்கள் எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும்.

இனி மழை. மூடுபனி டிஷ்ஷுக்குப் பெரிய பகை இல்லை. லயத்தின் முன்வாசல் தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தாலும் படம் ஓடும். கனமழை அப்படி இல்லை. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். மழை தணிய விட்டுக் காத்திருங்கள், டிஷ்ஷைத் திருப்பப் போகாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி கூடும்போது மட்டும் பொக்ஸின் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும், பகலில் வானம் நன்றாகத் தெளிந்திருக்கும்போதே, சில நாட்களுக்குச் சில நிமிடங்கள் படம் உடைந்து திரும்ப வரும். அது பழுது இல்லை. அந்த நிமிடங்களில் சூரியன் சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. செய்மதியின் மெல்லிய அலையைச் சூரியனின் இரைச்சல் அமுக்கிவிடுகிறது.   விண்வெளிப் பாடத்தை உங்கள் கூரையே நடத்திக் காட்டும் நேரம் அது.

உண்மையில் அந்தத் தகரக் குழிதான் முதல் ஆவணப்படம். அது பார்த்துக்கொண்டிருக்கும் செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்குப் பூமி சுழலும் அதே நேரம் பிடிப்பதால், நமக்கு அது அசையாமல் நிற்பதுபோலத் தெரிகிறது. அந்த உயரத்தில் செய்மதிகளை வைத்து உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 இல் விளக்கமாக எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்தவர், 2008 இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். பிற்பாடு அவர் எழுதிய ஒரு நாவலில், சிவனொளிபாத மலையை மாதிரியாக வைத்து, ஒரு மலையுச்சியில் இருந்து விண்வெளிக்கு லிப்ட் கட்டுகிறார்கள். மஸ்கெலியாக்காரர்கள் இதைச் சொல்லிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இதோடு இன்னொன்றும் தெளிவாகும். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செய்மதிகள் சில விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்று வாட்ஸ்அப்பில் வருடாவருடம் ஒரு செய்தி சுற்றும். செய்மதி நின்றால் விழுந்துவிடும். நிற்பதுபோலத் தெரியும் செய்மதிகூடப் பூமத்திய ரேகைக்கு மேலே மட்டுமே அப்படித் தெரிய முடியும். திருநள்ளாறு அதற்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. கும்பிடுகிறவர்கள் தாராளமாகக் கும்பிடட்டும், அதற்கு நாசாவின் சாட்சி தேவையில்லை.

2. எதில் தொடங்குவது

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது, எப்படி முடியும், கருந்துளைக்குள் என்ன இருக்கிறது — இந்தத் தலைப்புகளை முதல் சில மாதம் தள்ளி வையுங்கள். அவற்றில் கண்ணால் பார்த்தது குறைவு, வரைந்து காட்டுவது அதிகம். புதியவர் அதில் தொடங்கினால் எல்லாம் ஒரே வண்ணப் புகையாகத் தெரியும். ஒரே ஒரு விண்கலத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏவினார்கள், பயணித்தது, ஏதோ பழுதானது, சரிசெய்தார்கள், போய்ச் சேர்ந்தது. நம் ஆட்களுக்குக் கதை இருந்தால் போதும், கோள் தானாகப் பின்னால் வரும்.

என் தெரிவு வொயேஜர். 1977 இல் ஏவிய இரண்டு கலங்கள். வொயேஜர் 1 வியாழனைக் கடந்தது 1979 மார்ச்சில். இலங்கையில் டிவி ஒளிபரப்பே அடுத்த மாதம்தான் தொடங்கியது என்றால் அது எவ்வளவு பழைய கலம் என்று பாருங்கள். வொயேஜர் 2 வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் தொட்டுச் சென்றது. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கலமும் போகவில்லை. ஆகவே எந்தப் படத்தில் அந்த இரண்டு கோள்களைக் கிட்டத்தில் காட்டினாலும், அது 1986 அல்லது 1989 இல் வொயேஜர் 2 எடுத்த படம், அல்லது கம்ப்யூட்டரில் வரைந்தது. இவை இரண்டும் இல்லை என்றால், தூரத்தில் இருந்து பெரிய தொலைநோக்கி எடுத்தது.

இந்தப் பயணத்தைப் பற்றி 2017 இல் வந்த ‘தி ஃபார்தெஸ்ட்’ நல்ல தொடக்கம். கலத்தைக் கட்டியவர்கள், ஓட்டியவர்கள் வயதான காலத்தில் வந்து பேசுகிறார்கள். வொயேஜர் பற்றிய எந்தப் படம் கிடைத்தாலும் லிண்டா மொராபிட்டோவின் பெயர் வருகிறதா என்று கவனியுங்கள். அவர் பாதை கணிக்கும் பிரிவில் வேலை செய்தவர். நட்சத்திரங்களின் இடத்தைச் சரிபார்ப்பதற்காக எடுத்த ஒரு படத்தில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தபோது, வியாழனின் நிலவான அயோவின் விளிம்பில் குடை விரித்ததுபோல ஏதோ தெரிந்தது. பூமிக்கு வெளியே எரிந்துகொண்டிருக்கும் எரிமலையை மனிதர் கண்ட முதல் தடவை அது.

கலங்களோடு போன தங்க இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. சிங்களம் உண்டு, தெலுங்கு உண்டு, கன்னடமும் உண்டு. தமிழ் இல்லை. இதைக் கேட்டதும் வீட்டில் எல்லாருக்கும் ஒரு கோபம் வரும், அந்தக் கோபத்தோடு மிச்சப் படத்தையும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதுவும் நல்லதுதான்.

வொயேஜர் கிடைக்காவிட்டால் 2019 இல் வந்த ‘அப்பலோ 11’. அதில் விளக்கக் குரலும் இல்லை, புதிய பேட்டிகளும் இல்லை. 1969 இல் பிடித்த படமும் பதிவுசெய்த ஒலியும் மட்டுமே. ஆங்கிலம் பாதி புரியாவிட்டாலும் முகங்களைப் பார்த்தே கதை ஓடும். வீட்டில் எழுபது தாண்டியவர் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சந்திரனில் இறங்கிய செய்தி இங்கே ரேடியோவிலும் பேப்பரிலும்தான் வந்தது. எங்கே கேட்டார், யார் வீட்டு ரேடியோ, நம்பினாரா என்று விசாரியுங்கள். படத்தைவிட அந்தப் பேச்சு நீளும்.

கோள்களை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றால் பிபிசியின் ‘தி பிளானட்ஸ்’, பிரையன் கொக்ஸ் தொகுத்த 2019 தொடர், ஐந்தே பகுதி. வாரத்துக்கு ஒன்று போதும். ஒரே இரவில் ஐந்தையும் பார்த்து முடித்தால் மறுநாள் செவ்வாயும் புதனும் கலந்துவிடும்.

3. ஒவ்வொரு காட்சியிலும்: இதை யார் எடுத்தது?

அந்த ஒரு பழக்கம் இதுதான். கோள் ஒன்று திரையில் வந்ததும், எவ்வளவு அழகு என்பதற்கு முன், கேமரா எங்கே இருந்தது என்று கேளுங்கள். வாய்விட்டே கேளுங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

சனியின் வளையத்தைத் தாண்டிக் கெசினி கலம் பறக்கிறது. கலம் முழுதாகத் தெரிகிறது, சிறகில் வெளிச்சம் மின்னுகிறது. அப்படியானால் பக்கத்தில் இன்னொரு கலம் பறந்து அதைப் படம் பிடித்ததா? இல்லை. அப்போது அங்கே பறந்தது அது ஒன்றுதான். ஆகவே கெசினியைக் காட்டும் காட்சி வரைந்தது. அடுத்த வெட்டில் வளையத்தின் மெல்லிய கோடுகள் தெரியும், கலம் தெரியாது. அது கெசினியே எடுத்தது. 2004 இல் சனியை அடைந்து 2017 செப்டெம்பர் 15 இல் அதற்குள்ளேயே விழுந்து அழியும்வரை எடுத்தவற்றில் ஒன்று. அந்த வளையம் கிட்டத்தட்ட 2,80,000 கிலோமீட்டர் அகலம், தடிப்போ பல இடங்களில் சில பத்து மீட்டர்தான். இந்தப் பிரிவு கண்ணுக்குப் பழகியதும் வரைந்த காட்சிகள் சப்பென்று ஆகிவிடும், புள்ளி விழுந்த, ஓரம் கறுத்த உண்மைப் படங்களுக்கு மனம் காத்திருக்கும். விண்வெளிப் படம் ருசிக்கத் தொடங்குவது அப்போதுதான்.

நம்மில் நிறையப் பேர் பார்த்த ஒரு உதாரணம்: 2023 ஓகஸ்ட் 23, சந்திரயான் 3. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநர் என்று ஊரெல்லாம் பேச்சு. நேரலையில் திரையில் மெதுவாகச் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்ததே விக்ரம், அது கலம் அனுப்பிய எண்களை வைத்து ஓட்டிய வரைகலை. விக்ரமின் கேமரா பிடித்த படங்கள் பிறகுதான் வந்தன. இரண்டையும் யூடியூபில் தேடி அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வேறு பயிற்சி தேவைப்படாது.

சில கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்போது சந்தோஷமாக இருக்கும். ஆம்ஸ்ட்ரோங் முதல் காலடி வைத்தபோது வெளியே இருந்து எடுத்தது யார்? இறங்குகலத்தின் பக்கவாட்டில் மடித்து வைத்திருந்த டிவி கேமரா. ஏணியில் இறங்கும்போது அவரே கயிற்றை இழுத்து அதைத் திறந்துவிட்டார். 1972 டிசம்பரில் அப்பலோ 17 சந்திரனை விட்டு மேலே கிளம்பும்போது கேமரா அண்ணாந்து அதைத் தொடர்ந்து போகிறதே, அங்கே யார் நின்றார்கள்? யாரும் இல்லை. விட்டுவந்த வண்டியில் இருந்த கேமராவைப் பூமியில் இருந்து எட் ஃபெண்டெல் என்பவர் இயக்கினார். சமிக்ஞை போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், கலம் கிளம்பும் முன்பே பட்டனை அமுக்க வேண்டியிருந்தது. ‘சந்திரனுக்குப் போகவே இல்லை’ என்று டீக்கடையில் வாதாடுகிற அண்ணனுக்கு இந்த இரண்டு பதிலும் கைவசம் இருக்கட்டும்.

நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருப்பதெல்லாம் வரைந்தது என்று முடிவு கட்டவும் கூடாது. 2021 பெப்ரவரி 18 இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கும்போது பரசூட் விரிவதும், புழுதி பறப்பதும், ஊர்தி கயிற்றில் தொங்கி இறங்குவதும் சினிமா மாதிரி இருக்கும். அத்தனையும் உண்மை, கலத்திலேயே கேமராக்கள் பொருத்தியிருந்தார்கள். 2005 ஜனவரி 14 இல் சனியின் நிலவான டைட்டனில் ஹைகன்ஸ் இறங்கி எடுத்த படம், செம்மஞ்சள் தரையில் உருண்டைக் கற்கள். கல் என்று பார்ப்பது பனிக்கட்டி. பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதம் இல்லை, ஆனால் மனிதன் செய்த பொருள் ஒன்று இறங்கிய மிகத் தொலைவான தரை அதுதான்.

நிறத்திலும் இதே கேள்வி. வெள்ளிக்கோளின் தரையைச் செக்கச்செவேல் என்று காட்டுவார்கள். மேகம் மூடிய கோள் அது, மேலே இருந்து சாதாரணக் கேமராவில் தரை தெரியாது. 1990 களில் மெகெல்லன் கலம் ரேடாரால் தடவிப் பார்த்து வரைபடம் செய்தது. ரேடாருக்கு நிறம் கிடையாது, நிறம் பிறகு பூசியது. அந்தப் படங்களில் மலைகள் ஊசிபோல நிற்பதும் உயரத்தைப் பல மடங்கு இழுத்துக் காட்டியதால்தான். வெள்ளியின் தரையில் இறங்கி எடுத்த படங்கள் சோவியத்தின் வெனெரா கலங்களுடையவை. வெனெரா 13 அந்தச் சூட்டில், ஏறக்குறைய 460 பாகை செல்சியசில், 127 நிமிடம் தாக்குப்பிடித்தது.

சத்தத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். வெற்று விண்வெளியில் ஒலி இல்லை, ‘வ்ஷ்ஷ்’ எல்லாம் ஸ்டூடியோவில் சேர்த்தது. செவ்வாயில் மெல்லிய காற்று உண்டு, பெர்சிவரன்ஸில் மைக்ரோபோனும் உண்டு. அந்தக் காற்றுச் சத்தம் மட்டும் நிஜம்.

4. அளவு பிடிபட ஒரு நடை

டிவி பொய் சொல்லும் பெரிய இடம் தூரம். எட்டுக் கோள்களும் ஒரே திரையில், தோளோடு தோள் நிற்கும். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் சூரியன் 1.4 மீட்டர் உருண்டை. அதை ஹட்டன் ரயில்வே ஸ்டேஷனில் வையுங்கள். பூமி ஒன்றேகால் சென்டிமீட்டர் மணி, 150 மீட்டர் தள்ளி. சந்திரன் அந்த மணியில் இருந்து 38 சென்டிமீட்டர். மனிதன் போன அதிக தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். வியாழன் 780 மீட்டரில், சனி கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டரில். கொட்டகலைப் பக்கம் நாலரைக் கிலோமீட்டர் நடந்தால் நெப்டியூன். நடுவில் எல்லாம் வெற்றிடம்.

அடுத்த நட்சத்திரம்? அதே அளவில் 40,000 கிலோமீட்டர். ஹட்டனில் கிளம்பி உலகத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப ஹட்டனுக்கே வரவேண்டும். பிள்ளைகளை ஒரு தரம் சனி வரைக்குமாவது நடத்திக் கூட்டிப் போய்விட்டு, அதற்குப் பிறகு படம் போடுங்கள். ரோட்டோரமாகப் போங்கள், தண்டவாளத்தில் வேண்டாம்.

மலை அளக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீதுருதலாகலை 2,524 மீட்டர். செவ்வாயின் ஒலிம்பஸ் மலை ஏறக்குறைய 22 கிலோமீட்டர், அடிவாரம் 600 கிலோமீட்டர் அகலம். இலங்கையின் நீளமே 435 கிலோமீட்டர்தான், தீவு முழுதும் அதன் அடியில் அடங்கிவிடும். ஆனால் சரிவு மிகச் சாதாரணம். அதில் நிற்கிறவருக்கு மலையில் நிற்கிறோம் என்றே தெரியாது. நம் கொழுந்து மலைகளில் ஏறுகிற கால்களுக்கு அது சமதரை.

நேரமும் தூரத்தோடு சேர்ந்தது. செவ்வாயில் இறங்கும் காட்சியில் பொறியியலாளர்கள் நகம் கடித்துக்கொண்டிருப்பார்கள். 2012 இல் கியூரியோசிட்டி இறங்கியபோது செய்தி பூமிக்கு வர ஏறக்குறைய 14 நிமிடம், இறங்குவதற்கோ 7 நிமிடம். ‘காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தது’ என்று அவர்கள் கேட்கும்போது அங்கே எல்லாம் முடிந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. வெற்றியோ தோல்வியோ தீர்ந்துபோன விஷயத்துக்குத்தான் அவ்வளவு பதற்றம். இதைத் தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கும்.

5. வருடத்தைப் பாருங்கள்

பழைய படங்களை ஒதுக்க வேண்டாம், எந்த வருடத்துப் படம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 2006 க்கு முந்திய படமானால் புளூட்டோ ஒன்பதாவது கோள். 2015 ஜூலைக்கு முந்தியதானால் புளூட்டோ மங்கலான ஒரு புள்ளி, நியூ ஹொரைசன்ஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதன் வெண்மையான இதய வடிவச் சமவெளி தெரிந்தது. சனிக்குப் பதினெட்டு நிலவு என்று ஒரு படம் சொல்லும், 2025 மார்ச்சில் அந்த எண்ணிக்கை 274 ஆகிவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை பக்கத்தில் இருந்தால் இதை முன்னமே சொல்லிவிடுங்கள்.

வருடத்தோடு, யார் செய்த படம் என்பதையும் பாருங்கள். இராவணனின் விமானத்தை நாசா கண்டுபிடித்தது, மறைந்திருக்கும் கோள் அடுத்த மாதம் மோதும் என்ற வகையறாக்கள் யூடியூபில் தானாக வந்து நிற்கும். எல்லயிலும் சீதா எலியவிலும் கேட்ட இராவணன் கதை நமக்குச் சொந்தமானது, அதைக் கதையாகவே கேட்கலாம். விஞ்ஞானச் சட்டை போட்டு வரும்போதுதான் கெட்டுப்போகிறது. ஒரு சோதனை: எந்தக் கலம், எந்த வருடம் என்று பத்து நிமிடத்துக்குள் சொல்லாத படத்தை மூடிவிடலாம்.

6. வீட்டாரோடு பார்ப்பது

ஒரு காம்பிராவில் ஒரு டிவி என்றால் ராத்திரி எட்டரைக்கு விண்வெளி கேட்டுச் சண்டை போடாதீர்கள், தோற்பீர்கள். போயா நாள் நல்லது. லீவு, பிள்ளைகளும் வீட்டில். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருபது நிமிடம் பார்த்து நிறுத்தி, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு கேள்வி கேட்க விடுங்கள். கேள்வி பெரும்பாலும் எதிர்பாராத இடத்தில் இருந்து வரும்.

“என்னாடி, சனீஸ்வரன இப்பிடி நேருக்கு நேரா ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்க?”

“அப்பாயி, இது கெசினி எடுத்த போட்டோ.”

“அது யாரு கெசினி? அவனுக்கு ஒண்ணும் ஆகலயா?”

ஆனது. அதற்குள்ளேயே விழுந்து எரிந்தது. இதைச் சொன்னால் அப்பாயி ‘நான் சொன்னேன்ல’ என்பார். எரிபொருள் தீர்ந்துபோகும் நிலையில், உயிர் இருக்கக்கூடிய நிலவுகளில் மோதி அசுத்தம் செய்துவிடக் கூடாது என்றுதான் வேண்டுமென்றே சனிக்குள் விட்டார்கள் என்பதை அடுத்த பிளேன்டீக்கு விளக்கலாம்.

ஒரு பழைய அப்பியாசக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒரு கலம்: பெயர், ஏவிய வருடம், எங்கே போனது, என்ன படம் எடுத்தது. பத்துப் பக்கம் நிரம்பியதும் எந்தப் புதுப் படமும் பழகிய ஆட்களின் கதையாகிவிடும்.

7. வெளியே வாருங்கள்

டவுனில் இருப்பவர்களுக்கு இல்லாத வசதி இது. பெக்டரி விளக்கைத் தாண்டினால் நம் மலைகளில் இருட்டு நல்ல இருட்டு. ஹட்டன், நுவரெலியா, மஸ்கெலியாப் பக்கம் ஜனவரியில் இருந்து மார்ச் வரை வானம் தெளிவு. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, அந்தக் காலம் டிவிக்கு. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் நேர்மாறு, ஜூலை, ஓகஸ்டில் அவர்களுக்குத் தெளிந்த இரவு. போயாவில் நிலவு எல்லாவற்றையும் அழித்துவிடும், நட்சத்திரத்துக்கு அமாவாசையை ஒட்டிய நாட்களே சரி.

தனியாகப் போகாதீர்கள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் எங்கே என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அந்தப் பக்கமே வேண்டாம். வாசலில், பிள்ளையார் கோயில் மேட்டில் நின்றாலே போதும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி என்றால் துகள் உறைபனி விழும், கம்பளித் தொப்பி அவசியம். டோர்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதம் கட்டினால் கண் இருட்டுக்குப் பழகியது கெடாது.

பெப்ரவரி இரவு எட்டு மணிக்கு அண்ணாந்தால் மூன்று நட்சத்திரம் வரிசையாக, பக்கத்தில் செம்மையாகத் திருவாதிரை. தெற்கே தாழ்வாகப் பளிச்சென்று அகத்தியர். ஐரோப்பியப் படங்களில் இந்த மூன்று நட்சத்திரத்தை இடுப்பில் கட்டிய ‘ஓரியன்’ என்ற வேடன் நிமிர்ந்து நிற்பான். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே கிழக்கே எழும்போது படுத்தபடி எழுகிறான். பிறையும் அப்படித்தான், அங்கே நிற்கும், இங்கே மல்லாந்து கிடக்கும். படத்தில் பார்த்தது வானத்தில் பொருந்தவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஏப்ரல் கடைசியில் இரவு பத்து மணியளவில் தெற்கே தென்சிலுவையும் வடக்கே ஏழு முனிவரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள். லண்டனில் இருந்து படம் எடுக்கிறவருக்குத் தன் வாசலில் தென்சிலுவை கிடைக்காது.

கோள்கள் மின்னாமல் நிலையாக எரியும். வெள்ளியை விடிவெள்ளியாக அடுப்பு மூட்ட எழுகிறவர்கள் எப்போதும் பார்த்துத்தான் வருகிறார்கள். 10x50 பைனாகுலர் ஒன்றைக் கல்லில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் பக்கத்தில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டவை அவையே, அதில் ஒன்று அந்த எரிமலை அயோ. சனியின் வளையத்துக்குச் சிறிய தொலைநோக்கி வேண்டும், பைனாகுலரில் தெரியாது. செலவே இல்லாமல் பார்க்க வேண்டும் என்றால் சர்வதேச விண்வெளி நிலையம். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. நம் ஊருக்கு மேலே எப்போது வரும் என்று நாசாவின் ‘ஸ்பொட் த ஸ்டேஷன்’ ஆப் சொல்லும். அந்தி முடிந்த நேரத்திலோ விடியலுக்கு முன்போ, விளக்கு மினுக்காமல் சில நிமிடத்தில் வானத்தைக் கடந்துபோகும் வெள்ளைப் புள்ளி அது. மினுக்கினால் விமானம்.

இவ்வளவும் பழகிய பிறகு கருந்துளைக்கும் பால்வெளிகளுக்கும் போகலாம். 2021 டிசம்பர் 25 இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்கள் அப்போது கண்ணில் படும். அவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தவை, நிறங்கள் அலைநீளத்துக்கு ஏற்பக் கொடுத்தவை. மூன்றாவது படிக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: எந்த ஒளியில்? கொழும்புக்குப் பாடசாலைச் சுற்றுலா போகும் வாய்ப்பு வந்தால், மிருகக்காட்சிச்சாலையோடு 1965 இல் கட்டிய கோளரங்கத்தையும் பட்டியலில் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். தமிழில் காட்சி எப்போது என்று முன்கூட்டியே போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்புவது நல்லது.